முட்டுக் கொடுத்தல்

ஒலுவில் துறைமுகத்தின் தென்புற மணற்பரப்பில் மாலை வேளைகளில் உலாவுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். விரிவுரைகள் முடிந்ததும் மோட்டார் சைக்கிளைத் தென்னை நிழலில் நிறுத்திவிட்டு அரை மணி நேரமேனும் அங்கு நடப்பேன். ஒருபுறம் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கருங்கல் அணை. மறுபுறம் கரையேற்றி வைக்கப்பட்ட தோணிகள். வாடைக் காலத்திற் கடல் கொந்தளித்து நிற்கும்போது அத்தோணிகள் இரு மருங்கும் மரக்கட்டைகளால் முட்டுக் கொடுக்கப்பட்டு, அடுத்த பருவத்தை எதிர்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அவற்றை அன்றாடம் கண்டிருந்தும் அவை எனக்கு ஒரு பாடத்தைச் சொல்லக்கூடியன என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன். அதுவும் என் முதுகு வலித்த பின்னரே உணர்ந்தேன்.

ஒருநாள் கரைவலைக்காரரான முதியவர் ஒருவர் தோணிக்கு முட்டு வைத்துக்கொண்டிருந்தார். கட்டையை நேரே மணலில் ஊன்றாமல், கீழே ஒரு பலகைத் துண்டை இட்டு, அதன்மேற் கட்டையை நிறுத்தினார். பலகை எதற்கு என்று வினவினேன். மணலிற் கட்டை புதையும்; ஒரு பக்கம் புதைந்தால் தோணி அந்தப் பக்கம் சாயும் என்றார். “இவ்வளவு பெரிய தோணியை இந்தச் சிறிய கட்டைகள் தாங்குமா, காக்கா?” என்றேன். அவர் சிரித்தார். “முட்டு தாங்கிறதுக்கு இல்ல சேர். பாரமெல்லாம் அடிமரத்திலதான். சாயாமப் பாத்துக்கிறதுதான் முட்டுட வேல” என்றார்.

பாரம் அடிமரத்தில், சாயாமற் காப்பது முட்டு. யோகாசனப் பயிற்சியிற் பயன்படுத்தப்படும் துணைப்பொருள்களைப் பற்றி நான் வாசித்த நூல்களில் இதனினும் தெளிவான விளக்கம் ஒன்றைக் கண்டதில்லை.

தமிழிலே இச்சொல் அடைந்துள்ள கதியும் நோக்கற்பாலது. முட்டுக்கட்டை என்றால் இன்று நமக்கு நினைவில் வருவது தடை. ஒருவரின் தவறுக்கு வக்காலத்து வாங்குவதை முட்டுக் கொடுத்தல் என ஏளனமாகக் கூறுகின்றோம். ஆயினும் வீட்டு வளையிலும் வாழைக் குலையிலும் தோணியிலும் அச்சொல் தன் பழைய பொருளை இழக்கவில்லை. வழுக்கு நிலத்தில் நடப்பவனுக்கு உதவும் ஊன்றுகோலை ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல்லுக்கு உவமையாக்கினார் வள்ளுவர். முல்லைக் கொடி பற்றிப் படரத் தேரையே ஈந்தான் பாரி. இவ்வாறு துணையைப் போற்றிய மொழியினராகிய நாம், நம் உடலுக்கு ஒரு துணை வேண்டும் என்றவுடன் ஏனோ நாணுகின்றோம். அந்த நாணத்தினால் நான் பட்டதையே இங்கு முதலிற் சொல்லவேண்டும்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. நாள் முழுதும் நூல்களின்முன் குனிந்திருந்ததனாலும், அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையே ஓயாது மோட்டார் சைக்கிளில் அலைந்ததனாலும், இடுப்பு இறுகிப்போயிருந்தது. கொழும்பிலே மூன்று மாத காலம் தங்கவேண்டி நேர்ந்தபோது, நண்பர் ஒருவரின் தூண்டுதலால் ஒரு யோகாசன வகுப்பிற் சேர்ந்தேன். வகுப்பில் இருபது பேர் வரையில் இருந்தோம். பெரும்பாலானோர் என்னிலும் இளையோர்.

கால்களை முன்னே நீட்டி அமர்ந்து, இடுப்பிலிருந்து முன்னோக்கி வளைந்து, பாதங்களைப் பற்றுவது பச்சிமோத்தானாசனம். என் கைகள் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டன. அடுத்த பாயிலிருந்த முதியவர் ஒரு துவாயைப் பாதங்களைச் சுற்றிப் போட்டு, அதன் இரு முனைகளையும் பற்றி, முதுகை நிமிர்த்தி அமைதியாக அமர்ந்திருந்தார். எனக்கும் துவாய் ஒன்று தரப்பட்டது. நான் அதை மடித்து ஓரத்தில் வைத்தேன். அந்த முதியவரைப் பார்த்து உள்ளூர நகைக்கவும் செய்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். இரண்டாம் வாரத்தில், பயிற்றுநர் என் முதுகிற் கைவைத்து அழுத்தியபோது நான் தடுக்கவில்லை. பாதத்தைத் தொட்டுவிட்டேன். அன்றிரவே இடக்காலின் பின்புறமாகத் தொடையிலிருந்து கணுக்கால் வரை நெருப்புக் கோடு இழுத்தாற்போல் ஒரு வலி இறங்கியது. ஆறு வாரம் என்னால் நிமிர்ந்து நடக்க இயலவில்லை. முள்ளந்தண்டு என்புகளுக்கிடையிலுள்ள வட்டத்தட்டுகளில் ஒன்று பின்னோக்கிப் பிதுங்கி நரம்பை அழுத்துகின்றது என்றார் மருத்துவர்.

அழுத்தியவர் கை பயிற்றுநருடையது. ஆனால் துவாயை மடித்து வைத்த கை என்னுடையது. பிழையைப் பங்கிட்டாற் பெரும்பங்கு எனக்கே வரும்.

மறு ஆண்டு, பழைய இஸ்லாமியத் தமிழ் அச்சு நூல்களைப் பார்க்கும் பொருட்டுச் சென்னைக்குச் சென்றேன். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற் பகற்பொழுது கழிந்தது, தங்கியது திருவல்லிக்கேணியில். நான் இருந்த வீட்டின் மாடியிற் காலையிலே ஒரு முதியவர் நால்வருக்கு யோகாசனம் கற்பித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். புனேயின் ஐயங்கார் முறையிற் பயின்றவர். மாடியின் மூலையில் அவருடைய கருவிகள் கிடந்தன: துணி சுற்றிய செங்கற்கள் ஆறு, பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் தைத்த வார்கள், ஜமக்காளங்கள், மடக்கு நாற்காலிகள் இரண்டு, இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று.

என் கதையைக் கேட்ட அவர் முதல் நாள் ஆசனம் எதையும் கற்பிக்கவில்லை. ஜமக்காளத்தை நான்காக மடித்து, அதன் விளிம்பில் என்னை உட்காரச் செய்தார். கால்களை நீட்டச் சொன்னார். வாரைப் பாதத்திற் போட்டு என் கைகளிற் கொடுத்தார். நான் பழக்க தோஷத்தாற் குனிய முற்பட்டேன். “தம்பி, யாரும் உங்களைக் குனியச் சொல்லலை. முதல்ல உட்காரக் கத்துக்குங்க” என்றார். பதினைந்து நாள் அவ்வாறு உட்கார்ந்திருப்பதே என் பயிற்சியாயிற்று.

அதன் காரணத்தைப் பின்னரே விளங்கிக்கொண்டேன். தொடையின் பின்புறத் தசைகள் மேலே இடுப்புக் கூட்டின் இருக்கை என்பிலும், கீழே முழங்காலைக் கடந்தும் பொருந்தியுள்ளன. அவை இறுகியிருப்பவன் கால்களை நீட்டித் தரையில் அமர்ந்தால், அத்தசைகள் இடுப்புக் கூட்டைப் பின்னோக்கி இழுக்கின்றன. இடுப்பு முன்னே சரிய மறுக்கும்போது, வளைவு முழுவதையும் கீழ்முதுகு ஏற்கவேண்டியதாகின்றது. வட்டத்தட்டின் முன்பகுதி நசுங்க, அதனுள்ளிருக்கும் மென்பொருள் பின்னோக்கித் தள்ளப்படுகின்றது. பாதத்தைத் தொட்டவனாக நான் வெளியே காட்சியளித்தேன். உள்ளேயோ இடுப்பு அசையவேயில்லை, முள்ளந்தண்டே விலை கொடுத்தது. இருக்கையை மூன்று நான்கு அங்குலம் உயர்த்திவிட்டால் தசைகளின் இழுப்புக் குறைகின்றது. இடுப்பு முன்னே சரிய இடம் கிடைக்கின்றது. முதுகு தன் இயல்பான வளைவிலே நிற்கின்றது. வார், கையின் நீளத்தைக் கூட்டி, முதுகைக் கூனாமற் காக்கின்றது. நீட்சி நிகழவேண்டிய இடத்திலே நிகழ்கின்றது. இதையே உறுப்புகளின் நேர்நிலை என்பர். நேர்நிலை அழகுக்காக வகுக்கப்பட்டதன்று. எந்த மூட்டு அசையவேண்டுமோ அது அசையவும், எந்த மூட்டு அசையலாகாதோ அது காக்கப்படவும் வகுக்கப்பட்டது.

இம்முறையை உலகெங்கும் பரப்பியவர் பி. கே. எஸ். ஐயங்கார். அவர் 1918 இற் கருநாடகத்தின் பெல்லூரிற் பிறந்தார். இளமையில் மலேரியா, சயரோகம், நெருப்புக் காய்ச்சல் என நோய்கள் அவரை வாட்டின. தம் தமக்கையின் கணவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரிலே பயின்று, 1937 இற் புனேக்குச் சென்றார். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1952 இல் அவரைச் சந்தித்ததே மேலைநாடுகளில் அவர் அறிமுகமாகக் காரணமாயிற்று. 1966 இல் வெளிவந்து அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிய ‘லைட் ஆன் யோகா’ என்ற நூலின் ஒளிப்படங்களிற் பெரும்பாலும் துணைப்பொருள் எதுவுமின்றியே அவர் காட்சி தருகின்றார். அப்படங்களைப் பார்த்தவர்கள் இறுதி நிலையைக் கண்டார்கள். அங்குச் செல்லும் வழியைக் காணவில்லை. 1975 இற் புனேயில் நிறுவப்பட்ட ரமாமணி ஐயங்கார் நினைவு யோக நிலையத்திற்குச் செல்பவர்களுக்கோ சுவரிற் கட்டிய கயிறுகளும், கட்டைகளும், வார்களும், திண்டுகளும், பின்புறப் பலகை நீக்கிய நாற்காலிகளும், வளைந்த விசிப்பலகைகளும் காட்சி தரும். முதியோர், நோயாளர், விறைத்த உடலினர் யாவரும் ஆசனத்தின் பயனைப் பெறவேண்டும் என்ற முயற்சியில் அவை ஒவ்வொன்றாய் உருவாயின.

இதற்கு ஐயங்காரின் சொந்த அனுபவமும் காரணமாயிருந்தது. இளமையில், தக்க ஆயத்தமின்றிக் கடினமான ஓர் ஆசனத்தைக் குருவின் கட்டளைப்படி செய்து காட்டியபோது தொடைத் தசைநார் கிழிந்ததை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1979 இல் ஸ்கூட்டர் விபத்துகளிற் காயமுற்று, அறுபது வயதின் பின்னர்த் தம் பயிற்சியை ஏறக்குறைய அடியிலிருந்தே மீளத் தொடங்கினார். அப்போது அவருக்கு உதவியவை இக்கட்டைகளும் திண்டுகளுமே. 2014 இல் 95 ஆம் வயதில் மறையும் காலம் வரையிலும் துணைப்பொருள்களோடு பயின்றார். உலகமே ஆசான் எனக் கொண்டாடிய ஒருவர் ஒரு கட்டையைப் பயன்படுத்த நாணவில்லை. கொழும்பு வகுப்பில் ஒரு துவாய்க்கு நாணிய என்னை நினைத்துக்கொண்டேன்.

துணைப்பொருள் அண்மைக் காலத்துப் புதுமை. பண்டை யோகியர் வெறுந்தரையில் அமர்ந்தனர் என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதம் நிற்காது. பதஞ்சலியின் யோக சூத்திரத்திற்கு வியாசர் பெயரால் வழங்கும் பழைய உரை, ஆசனங்களை எண்ணும் இடத்திற் பத்மாசனம், வீராசனம் முதலியவற்றோடு ‘சோபாஸ்ரயம்’ என்ற ஒன்றையும் குறிப்பிடுகின்றது. துணையோடு கூடிய இருக்கை என்பதே அதன் பொருள். யோக பட்டம் எனப்படும் துணிவாரினால் முதுகையும் முழங்கால்களையும் சேர்த்துக் கட்டி அமர்வதைத் தமிழகத்துக் கோயிற் சிற்பங்களிற் காணலாம். யோக நரசிம்மர் வடிவத்தில் முழங்கால்களைச் சுற்றிய பட்டம் தெளிவாகத் தெரியும். ஐயனார் சிலைகளிலும் அது உண்டு. கக்கத்தில் ஊன்றும் யோக தண்டமும் பழமையானதே. ஆசனம் உறுதியும் சுகமும் உடையதாயிருத்தல் வேண்டும் என்பதே பதஞ்சலி விதித்த இலக்கணம். பாதத்தைத் தொடவேண்டும் என்று அவர் எங்கும் கூறவில்லை. உறுதியும் சுகமும் ஒரு செங்கல்லின் உதவியால் வருமாயின், அச்செங்கல் இலக்கணத்திற்கு உட்பட்டதே.

திருவல்லிக்கேணி மாடியிற் கற்றவற்றுள் இன்றியமையாத சிலவற்றை இங்குக் கூறுவது மாணவர்க்குப் பயன்படக்கூடும். பக்கவாட்டிற் சாயும் திரிகோணாசனத்திற் கை தரையைத் தொடவேண்டும் என்ற அவசரத்தில் நெஞ்சு கவிழ்கின்றது, முழங்கால் பின்னோக்கி மிகையாக வளைகின்றது. கைக்குக் கீழே ஒரு கட்டையை நிறுத்தினால் நெஞ்சு திறந்திருக்கும், முழங்காலும் காக்கப்படும். பத்மாசனத்தில் திரும்பவேண்டிய மூட்டு இடுப்பு. முழங்கால் மடங்கி நிமிரும் கீல் போன்றது. திரும்புவதற்கு அதிற் சிறிதளவே இடமுண்டு. இடுப்பு இறுகியவன் பாதத்தை இழுத்துத் தொடையில் ஏற்றினால் அத்திருகல் முழங்காலின் குருத்தென்பையே தாக்கும். அவன் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, கால்களை எளிதாக மடித்து, முழங்கால்களின் கீழே மடித்த துணியை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. வீராசனத்திற் குதிகால்களுக்கிடையே ஒரு கட்டையை வைத்து அதன்மேல் அமர்தல் வேண்டும். சர்வாங்காசனத்தில் மடித்த ஜமக்காளங்கள் மூன்று நான்கினைத் தோள்களின் கீழே இட்டு, தலையைத் தாழ்ந்த தரையில் வைத்தால் கழுத்தின் வளைவு குறையும். பாரம் தோள்களில் இறங்கும். மல்லாந்து கிடக்கும் சவாசனத்திற்கூட முழங்கால்களின் கீழே ஒரு சுருட்டிய போர்வை இருந்தால் நோயுற்ற முதுகு இளகும்.

துணைப்பொருள் எதனாலும் காக்கமுடியாத இடங்களும் உண்டு. சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காவதைச் சென்னைக் கண் மருத்துவ ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே கண்ணழுத்த நோயுடையோர்க்கு அது தகாது. கட்டுப்படாத இரத்த அழுத்தம் உடையோரும் தலைகீழ் நிலைகளைத் தவிர்த்தல் வேண்டும். இங்கே சுவரும் கயிறும் விடையாகா. செய்யாமை ஒன்றே விடை.

ஊருக்குத் திரும்பிய பின்னர், என் பயிற்சியைக் கண்ட சிலர் இது நமக்கு ஆகுமா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. 2008 இல் மலேசியாவின் தேசிய பத்வாச் சபை, மந்திர உச்சாடனமும் வழிபாட்டு அம்சங்களும் கலந்த யோகப் பயிற்சியை முஸ்லிம்கள் தவிர்க்கவேண்டும் என அறிவித்தது. அதன் பின்னர் அந்நாட்டின் பிரதமர், உச்சாடனமின்றி உடற்பயிற்சியாகச் செய்வதற்குத் தடையில்லை என விளக்கினார். நான் செய்வது முதுகுக்கான உடற்பயிற்சி. அதில் உச்சாடனம் ஏதுமில்லை. இவ்வளவே என் விடை. ஆனால் இதனினும் கடினமான ஒரு வினா என் வீட்டுக்குள்ளேயே காத்திருந்தது.

உம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு. தொழுகையில் நின்று, குனிந்து, தரையில் நெற்றி வைத்து, அமர்ந்து, மீண்டும் எழும் ஒவ்வொரு தடவையும் அவர் சுவரைப் பற்றிக்கொள்வார். ஒருநாள் சுபஹுத் தொழுகையில் எழும்போது சரிந்து வீழ்ந்தார். என்பு முறியாதது இறைவனின் அருள். கதிரையில் அமர்ந்து தொழலாமே என்றேன். “கதிரையில குந்தித் தொழுதா அது தொழுகையா மகன்? அல்லாஹ்ட முன்னால நானென்ன விருந்தாளியா?” என்றார். அவருடைய சொல்லில் நான் கேட்டது என்னுடைய பழைய நாணத்தையே. எனினும் ஒரு வேறுபாடு இருந்தது. என்னுடையது செருக்கிலிருந்து பிறந்தது. அவருடையது பணிவிலிருந்து பிறந்தது. செருக்கைத் தர்க்கத்தால் வெல்லலாம். பணிவை அவ்வாறு வெல்ல முடியாது. வெல்ல முயல்வதும் தகாது.

மௌலவி ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். நோயுற்ற தோழர் ஒருவருக்கு நபிகள் நாயகம் கூறிய அறிவுரையை அவர் எடுத்துரைத்தார்: இயலுமாயின் நின்று தொழுக, இயலாவிடின் அமர்ந்து, அதுவும் இயலாவிடின் பக்கவாட்டிற் சாய்ந்து. நிற்க இயன்ற பகுதியில் நின்று, இயலாத பகுதியில் மாத்திரம் அமர்க என்றும் விளக்கினார். உம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். அன்று அஸர் தொழுகைக்கு நின்று தொடங்கி, பின்னர்க் கதிரையில் அமர்ந்தார். தொழுது முடித்ததும் அவர் அழுதார். அது நிம்மதியா துயரமா என்று நான் கேட்கவில்லை.

இங்கே கதை இனிது முடிந்தது என எண்ணினேன். இரண்டு வாரம் செல்வதற்குள் உம்மா இடுப்பு நோகின்றது என்றார். முன்பு அவருக்கு இடுப்பு நோவு இருந்ததில்லை. ஒருநாள் அவர் அமர்ந்திருப்பதைப் பின்னால் நின்று உற்றுப் பார்த்தேன். உயரங் குறைந்த அவருக்கு அந்தப் பிளாஸ்ரிக் கதிரை உயரமாயிருந்தது. பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியவில்லை. நிலையின்றித் தொங்கிய கால்களைச் சமன் செய்ய அவர் உடலைப் பின்னே சாய்த்து, கீழ்முதுகைக் கூனலாக்கி அமர்ந்திருந்தார். முழங்காலைக் காக்க நான் வைத்த முட்டு, பாரத்தை இடுப்புக்கு மாற்றிவிட்டது. போதாக்குறைக்கு, வழுவழுப்பான தரையிற் கதிரையின் கால்கள் ஒவ்வொரு தடவையும் சற்று வழுக்கின. துணைப்பொருளைப் பற்றிப் பிறருக்குப் போதித்த நான், துணைப்பொருளின் முதல் விதியையே மறந்திருந்தேன். கதிரையை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணியதே என் பிழை. முட்டு வைத்தவன் திரும்பி வந்து பார்க்கவேண்டும்.

அன்று மாலை துறைமுகக் கரையில் நடக்கும்போது கருங்கல் அணையைப் புதிய கண்களோடு பார்த்தேன். ஒலுவிலிற் பல்கலைக்கழகமும் துறைமுகமும் அமையவேண்டும் என்பது அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் கண்ட கனவு. 1995 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய எமது நிறுவனம் மறு ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. துறைமுகமோ டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 இலேயே திறந்துவைக்கப்பட்டது. அலையைத் தடுத்துப் படகுகளைக் காப்பதற்கான அணைகள் கடலுக்குள் நீண்டன. ஆனால் இக்கரையோரம் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் அது ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பெருமளவில் நகர்ந்துகொண்டேயிருக்கும். அணை அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் குவிந்து, துறைமுக வாயிலையும் தூர்த்தது. வடக்கே வரவேண்டிய மணல் வராமையால் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தோணியை ஏற்றி வைக்கும் இடத்தையே மீனவர் இழந்தனர். அரிப்பைத் தடுக்க அங்கே பாறைகளைக் கொட்டினால், அதற்கும் வடக்கே அரிப்புத் தொடர்ந்தது. நான் நாள்தோறும் இன்புற்று உலாவிய அந்த அகன்ற தென்புற மணற்பரப்பு வடக்கே வாழ்ந்தோரின் இழப்பிலிருந்து வந்ததென்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரே கடற்கரையில் இருவகை முட்டுகள். தோணிக்கு முட்டு வைத்த முதியவர் மணலின் இயல்பை அறிந்து பலகை இட்டார். நாளும் வந்து பார்த்தார். பருவம் வந்ததும் கட்டையை எடுத்துவிட்டுத் தோணியைக் கடலில் இறக்கினார். அணையோ ஓரிடத்தைக் காத்து மற்றோரிடத்தை அரித்தது. உடலும் கரையைப் போன்றதே. ஓரிடத்தில் நாம் வைக்கும் தாங்கல் மற்றோரிடத்தில் என்ன செய்கின்றது என்று பார்க்காவிடின், முழங்காலைக் காத்து முதுகை இழப்போம்.

எனவே துணைப்பொருளைப் பயன்படுத்துவோர் மூன்றினைத் தம்மிடம் தாமே வினவவேண்டும் என்பது என் துணிபு. முதலாவது, முட்டு நிற்கும் இடம் உறுதியானதா? வழுவழுப்பான தரையிற் கதிரையைச் சுவரோடு சேர்த்து, கீழே வழுக்காத பாயை விரித்தே வைத்தல் வேண்டும். கட்டையை இயன்றவரை அகன்ற பக்கத்தில் நிறுத்துதல் வேண்டும். இரண்டாவது, பாரம் எங்குச் சென்றது? நோவு நீங்கிய இடத்தோடு நின்றுவிடாமல், அதற்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகளையும் மூச்சையும் கவனித்தல் வேண்டும். மூச்சு திணறினால் ஏதோ ஓரிடத்தில் முட்டுப் பிழைத்துள்ளது என்பதே பொருள். மூன்றாவது, இம்முட்டு என்னை நிமிர்த்துகின்றதா, மேலும் தள்ளுகின்றதா? வாரைப் பற்றி முதுகை நிமிர்த்துவதும் உண்டு. அதே வாரைப் பற்றி உடலைப் பலவந்தமாக இழுப்பதும் உண்டு. பின்னையதைச் செய்பவன் பயிற்றுநரின் கையைத் தன் கையினாலேயே தன் முதுகில் வைத்துக்கொள்கின்றான்.

எங்கள் மாணவர் விடுதிகளில் இன்று பலர் கைத்தொலைபேசியிற் பார்த்து ஆசனம் பயில்கின்றனர். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 இல் அறிவித்து, 2015 முதல் ஜூன் 21 ஆம் நாளிற் கொண்டாடப்பட்டு வரும் சர்வதேச யோகா தினமும் இவ்வார்வத்தை வளர்த்துள்ளது. ஆர்வம் வரவேற்கத்தக்கதே. ஆனால் திரையிற் காணும் உருவம் இறுதி நிலை. பார்ப்பவனின் உடலோ தொடக்க நிலை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் செருக்கினால் நிரப்ப முயன்றவன் நான். மடித்த படுக்கை விரிப்பும், பழைய சாரத்திற் கிழித்த வாரும், இரண்டு தடித்த அகராதிகளும் இருந்தால் விடுதி அறையிலேயே அத்தூரத்தைப் பழுதின்றிக் கடக்கலாம். தமிழ் மாணவரிடம் அகராதிக்குக் குறைவிருக்காது என நம்புகின்றேன்.

உம்மாவின் கதிரையை மாற்றினேன். சற்றுத் தாழ்ந்த மரக்கதிரை. சுவரோடு சேர்த்து வைத்தது. பாதங்களின் கீழே, சென்னையிலிருந்து கொண்டுவந்த என் பயிற்சிப் பலகையை வைத்தேன். இடுப்பு நோவு மெல்லக் குறைந்தது. ஆயினும் தரையில் நெற்றி வைக்க இயலாத ஏக்கம் அவரிடம் இன்னும் இருக்கின்றது. அதை எந்தப் பலகையாலும் என்னால் ஈடு செய்ய இயலவில்லை. துணைப்பொருள் இழந்தவை அனைத்தையும் மீட்டுத் தருவதில்லை. எஞ்சியிருப்பதைச் சாயாமல் நிறுத்துகின்றது. நின்று தொடங்க இயன்ற பகுதியில் அவர் இன்றும் நின்றே தொடங்குகின்றார். நான் அறையின் வாயிலில் நின்று அவருடைய பாதங்கள் பலகையிற் பதிகின்றனவா என்று பார்த்துவிட்டே பல்கலைக்கழகம் செல்கின்றேன்.